மூடியில் இருக்கும் படம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை 1000 துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா புதிர் ஒன்றை அனுப்பியிருந்தாள். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையும் அதைச் சுற்றி இலையுதிர்காலக் காடும். சாப்பாட்டு மேஜையை அதற்கே ஒதுக்கிவிட்டோம். நானும் மகளும் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. என் கணவரோ பத்து நிமிடத்தில் எரிச்சலாகி எழுந்துவிடுகிறார். இத்தனைக்கும் பழுதான மிக்ஸியைப் பிரித்துப்போட்டு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டக்கூடியவர். ஒன்பது வயது மகன் ஓரத்துண்டுகளை எங்களைவிட வேகமாகப் பொறுக்கிவிடுவான். காட்டுப்பகுதிக்கு வந்ததும் பச்சையையும் சிவப்பையும் கலந்து போட்டுவிட்டு அழுகிறான். கவனம் போதாது என்று அதட்டுகிறேன்.

சிலருக்கு இது இன்பமாகவும் சிலருக்கு வதையாகவும் இருப்பது ஏன்? புத்திக்கூர்மையா, பொறுமையா? ஞாபகசக்திக்கு நல்லது என்கிறார்களே, இவர்கள் இருவரையும் கட்டாயப்படுத்தி உட்காரவைக்கலாமா? முடித்ததும் பசை தடவிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்றிருக்கிறேன்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது கம்போடியப் பயணத்தின் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் விளையாட்டுச் சாமான் பற்றிய கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஞாபகசக்தியை முதலில் தள்ளிவிடுவோம். ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் 50 வயதைத் தாண்டிய 100 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் 30 நாட்கள், தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் ஜிக்சா சேர்த்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க இதைச் செய்துவந்தவர்களின் மூளைத்திறன் சற்று மேலாக இருந்தது உண்மை. ஜிக்சாவால் திறன் வந்ததா, திறன் இருந்ததால் ஜிக்சா பிடித்ததா என்பது அந்த ஆய்வில் தெளிவாகவில்லை. பிடித்திருந்தால் விளையாடுங்கள். மருந்தாக்கிக் கொடுத்தால் எந்த விளையாட்டும் கசக்கும்.

புத்திக்கூர்மையும் இல்லை. ஒரு வடிவத்தை மனதுக்குள் எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு நேரம் கூடுகிறது என்று உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். சிலர் மனதில் வேகமாகத் திருப்புவார்கள், சிலர் மெதுவாக. மெதுவானவர் கையால் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகிறார். இதில் பெருமைப்படவோ வெட்கப்படவோ ஒன்றுமில்லை.

ஆனால் பொறுமையா என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஞாயிறு முழுக்க மிக்ஸியோடு உட்காரும் மனிதருக்கா பொறுமை இல்லை? சாட்சியத்தை நீங்களே எழுதிவைத்துவிட்டு, அடுத்த பத்தியில் அவர்மேல் வழக்கும் தொடுக்கிறீர்கள். நம் வீடுகளில் இது ஒரு நோய். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவருக்குப் பொறுமை இல்லை, புள்ளிக்கோலம் போட வராத பெண்ணுக்குப் பொறுமை இல்லை, நமக்குப் பிடித்ததைப் பிடிக்காத எவருக்கும் பொறுமை இல்லை. நாம் வைத்திருக்கும் மேஜையில் ஒருவர் பொறுமை காட்டவில்லை என்றால், அதை அவர் வேறெங்கோ செலவழிக்கிறார் என்று பொருள். எங்கே என்று பார்த்தால் ஆளையே புரிந்துகொள்ளலாம்.

மிக்ஸிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தான் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மோட்டார் நிற்கும். கப்ளரின் பல் மழுங்கினால் ஜாருக்குள் பிளேடு சுற்றாது. இப்போது உங்கள் ஜிக்சாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கம் குமிழ், இரண்டு பக்கம் குழி. மேலே பாதி ஜன்னலும் நூலளவு வானமும். பின்பக்கம் சாம்பல் நிற அட்டை. இந்த வடிவத்துக்கும் அந்த ஜன்னலுக்கும் என்ன உறவு? எதுவுமில்லை. எஃகுப் பட்டைகளை வளைத்துச் செய்த அச்சை வைத்து அழுத்தி வெட்டுகிறார்கள். இன்று கோட்டையை வெட்டும் அச்சுதான் நாளை பூனைக்குட்டிகளையும் வெட்டும். ஒரே அச்சில் வெட்டிய இரண்டு பெட்டிகள் அகப்பட்டால் கோட்டை மதிலின் நடுவே பூனை முகத்தைப் பொருத்திவிடலாம். அதையே கலையாகச் செய்து காட்டுகிறவர்களும் உண்டு. காரணமில்லாத வடிவத்தோடு நாள் கணக்கில் பேச்சுவார்த்தை நடத்த உங்கள் கணவர் மறுக்கிறார், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற நிலப்படச் செதுக்கர், படங்களை மெல்லிய பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்றார். பணக்காரப் பிள்ளைகள் பூகோளம் படிப்பதற்காக. பிரான்ஸ் என்று எடுத்தால் கையில் இருப்பது முழுப் பிரான்ஸ். ஸ்பில்ஸ்பரியின் பெட்டியைக் கொடுத்திருந்தால் உங்கள் வீட்டுக்காரர் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன்.

சரி, உங்களுக்கும் மகளுக்கும் இன்பம் எங்கிருந்து வருகிறது? பெட்டியின் மூடியிலிருந்து. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இடம் உண்டு, அத்தனை துண்டும் உள்ளே இருக்கிறது, எல்லாம் சேர்ந்தால் இந்தப் படம்தான் வரும் என்று முன்பின் தெரியாத ஓர் ஆலை உங்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறது. வேறு எந்தக் காரியத்தில் நமக்கு இப்படி யாராவது எழுதிக்கொடுத்தார்கள்? வரன் தேடுவதிலா, பாகப்பிரிவினையிலா? பொருளாதாரம் படுத்துக்கிடந்த 1932, 1933-ல் அமெரிக்கர்கள் வெறிபிடித்தாற்போல ஜிக்சா வாங்கினார்கள். உச்சத்தில் வாரத்துக்கு ஒரு கோடி பெட்டிகள் விற்றன. வாராவாரம் புதுப்படம் பத்திரிகைக் கடைகளில் 25 சென்ட்டுக்குக் கிடைத்தது. வேலையும் வங்கிச் சேமிப்பும் போனவர்கள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, கட்டாயம் முடியக்கூடிய ஒரு வேலையைச் செய்தார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதே மூடியைப் பார்த்து இன்னொருவர் ‘விடையைத்தான் மேலேயே ஒட்டியிருக்கிறார்களே, பிறகு எனக்கென்ன வேலை?’ என்று எழுந்துபோனால், அவரையும் என்னால் குறைசொல்ல முடியாது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரியவர்களுக்காக அறுக்கப்பட்ட மரப்புதிர்களில் இந்தச் சலுகை கிடையாது. பெட்டியில் படம் இருக்காது, தலைப்பு மட்டும் இருக்கும். துண்டுகள் கொக்கிபோல ஒன்றையொன்று பிடிக்காது. சட்டைக்கை பட்டால் எல்லாம் நகர்ந்துவிடும். நிறம் மாறும் கோட்டின் மீதே வேண்டுமென்று அறுத்திருப்பார்கள். என் மரியாதை இவர்களுக்குத்தான்.

கம்போடியாவுக்கு வருகிறேன். அங்கோர் தோம் என்ற பழைய தலைநகரில், பாயோன் கோயிலுக்குப் பக்கத்தில் பாபுவோன் என்ற கோயில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் உதயாதித்தவர்மன் சிவனுக்குக் கட்டியது. உள்ளே மணலை நிரப்பி வெளியே கல் அடுக்கிய மலை. மழை இறங்க இறங்க மணல் கனத்து, கல்லைத் தள்ளிச் சரிந்துகொண்டே இருந்தது. புதுச்சேரியிலும் மையம் வைத்திருக்கும் பிரெஞ்சு கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1960-ல் ஒரு முடிவெடுத்தது: கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, உள்ளே உறுதியான அடித்தளம் போட்டு, மறுபடி அடுக்குவது. ஏறத்தாழ மூன்று லட்சம் கற்கள் இறங்கிச் சுற்றுக் காட்டில் வரிசை வரிசையாகக் கிடந்தன. உள்நாட்டுப் போர் வந்தது, வேலை நின்றது. 1975-ல் க்மெர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை ஆட்சியைப் பிடித்தபோது எந்தக் கல் எங்கே என்று குறித்திருந்த ஆவணங்கள் தலைநகர் புனோம் பென்னில் அழிந்தன.

மூடி தொலைந்துவிட்டது. துண்டுகள் மட்டும் மரங்களுக்கடியில்.

1995-ல் பாஸ்கல் ரொயேர் என்ற கட்டடக்கலைஞர் தலைமையில் மறுபடி தொடங்கினார்கள். பாரிஸில் தப்பியிருந்த பழைய புகைப்படங்களும் கற்களும்தான் துணை. சுண்ணாம்புக் காரை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று இழைத்து உட்காரவைத்த கற்கள் அவை. ஆகவே ஒரு கல்லின் இடத்தில் இன்னொரு கல் உட்காராது. இங்கே வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது, கவனியுங்கள். 2011-ல் முடித்தார்கள்.

நான் போனபோது மிஞ்சிய கற்கள் இன்னும் காட்டோரம் அடுக்கிக் கிடந்தன. ஒன்றின்மேல் கைவைத்தேன். விரல் நுழையும் அளவுக்கு வட்டக்குழிகள்; அவற்றில் முளையடித்துக் கயிறு கட்டித்தான் அந்தக் காலத்தில் தூக்கியிருக்கிறார்கள். குழிக்குள் ஈரமண்ணும் எறும்பும்.

கோயிலின் மேற்குப் பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. கோயில் கட்டிச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பௌத்தர்களாகிவிட்ட மக்கள் மேலே இருந்த கோபுரத்தின் கற்களை எடுத்து, அந்தப் பக்கச் சுவர் முழுக்கச் சாய்ந்து படுத்த புத்தரைக் கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 70 மீட்டர் நீளம். அருகில் நின்றால் வெறும் கற்குவியல். யாராவது முகத்தைக் காட்டிய பிறகுதான் உடல் தெரிகிறது. அதே துண்டுகள், இரண்டு படங்கள். கோபுரத்தை எழுப்ப வேண்டுமென்றால் புத்தரைக் கலைக்க வேண்டும். ரொயேரின் குழு புத்தரை வைத்துக்கொண்டது. கோபுரம் இல்லாமலே நிற்கிறது கோயில். என்னோடு வந்த நண்பர் சிவன் கோயிலை மூளியாக விட்டுவிட்டார்களே என்று அங்கலாய்த்தார். அசல் படம் எதுவென்று உனக்கு எந்த மூடி சொன்னது என்று கேட்டேன். ஊர் திரும்பும்வரை அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போதும் என் கட்சி அதுதான்.

உங்கள் கணவரை மேஜைக்கு இழுக்க அவ்வளவு ஆசையென்றால் மூடியை ஒளித்துவிட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், மிக்ஸியையாவது யாராவது பார்க்க வேண்டும்.

பசை வேண்டவே வேண்டாம் அம்மணி. ஒட்டிவிட்டால் அது கோடு கோடாகக் கீறல் விழுந்த ஒரு மட்டமான அச்சுப்படம். கலைத்துப் பெட்டியில் போட்டு எதிர்வீட்டுக்குக் கொடுங்கள். மூடியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் விஷயத்தில்தான் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஓரத்துண்டுகளை உங்களைவிட வேகமாக எடுக்கிறான், பச்சையும் சிவப்பும் வரும் இடத்தில் மட்டும் தடுமாறுகிறான் என்று எழுதிவிட்டுக் கவனம் போதாது என்கிறீர்கள். வடிவத்தில் இருக்கும் கவனம் நிறத்தில் மட்டும் எங்கே போகும்? கண் மருத்துவரிடம் அழைத்துப்போய் இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத குறை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் வருகிறது, அதுவும் தாய்வழியாக. உங்கள் தந்தைக்கோ சகோதரர்களுக்கோ இருந்ததா என்றும் விசாரியுங்கள். இருந்தால் அது யார் குற்றமும் இல்லை. இல்லையென்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. அதுவரை அதட்டுவதை நிறுத்துங்கள். காட்டை நீங்களும் மகளும் எடுத்துக்கொண்டு, நீல வானம் முழுவதையும் அவனிடம் விட்டுவிடுங்கள். அங்கே நிறம் உதவாது, வடிவம் மட்டும்தான்; உங்கள் இருவரையும் அவன் முந்திவிடுவான்.