செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியால் நடைமுறையில் உருப்படியாக என்ன பயன்?

சாட்பாட்டை விடுங்கள், எனக்குப் பிடித்த உதாரணம் ஆல்பாஃபோல்ட். கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் உருவாக்கிய, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் மாடல் இது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேலை. அந்த வடிவத்தை ஆய்வகத்தில் கண்டுபிடிக்க மாதங்கள், சிலசமயம் வருடங்களே ஆகும்.

1971 முதல் விஞ்ஞானிகள் பொதுவில் சேர்த்துவைத்த புரத வடிவங்களை வைத்து இந்த மாடலைப் பயிற்றுவித்தார்கள். (அந்த உழைப்பு இல்லாவிட்டால் அது படிக்க எதுவுமே இருந்திருக்காது. பலரும் இதைச் சொல்ல மறக்கிறார்கள்.) புரத வடிவங்களைக் கணிக்கும் காஸ்ப் (CASP) என்ற போட்டியில், 2020இல், பல புரதங்களுக்கு அதன் கணிப்பு ஆய்வக முடிவுக்கு இணையாக வந்தது. இப்போது அது கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் இலவசம்!

சரி, புரதத்தின் வடிவம் தெரிந்துவிட்டால் மருந்தும் தயாரா? இல்லை. இது கணிப்புதான், மருந்து உடம்பில் வேலை செய்யுமா என்பதைப் பரிசோதித்துத்தான் பார்க்கவேண்டும்.