சார்ட்டர் பள்ளியின் நல்ல மதிப்பெண்ணுக்குக் காரணம் பள்ளியா, பிள்ளைகளா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியின் தேர்வு முடிவுகள் பக்கத்திலுள்ள மாவட்டப் பள்ளியைவிட நன்றாக இருந்தால், அது பள்ளியின் திறமையா, அங்கே சேருகிற பிள்ளைகளின் பின்னணியா?

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். மூன்று வருடத்துக்கு முன்பு, மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, இதே கேள்வியோடு ஒரு குளிர்காலம் முழுக்க அல்லாடினேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் எல்லாரும் ஒரே சார்ட்டர் பள்ளியின் பெயரைத்தான் சொன்னார்கள். "அங்க இடம் கிடைச்சா விட்டுடாதீங்க அண்ணா" என்று ஒரு தம்பி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில், கட்டணமில்லாமல் நடப்பது. ஆனால் உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் ‘பள்ளி மாவட்டம்’ என்ற அமைப்பின் பிடியில் இல்லாமல் தனி நிர்வாகத்தின் கீழ் இருப்பது. 1991-ல் மின்னசோட்டாவில் முதல் சட்டம் வந்தது, டெக்சாஸில் 1995-ல். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

குலுக்கல் என்றால் எல்லாரும் சமம்தானே என்று தோன்றும். பெயரைப் போட்டவர்களுக்குள்தான் அந்தச் சமம். போடாதவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அப்போது எங்கள் அலுவலகத்தில் மாலையில் துப்புரவு வேலைக்கு வரும் அம்மா ஒருவரின் மகனும் எட்டாம் வகுப்புதான். கணக்கில் கெட்டிக்காரப் பையன். இந்தப் பள்ளியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பள்ளிப் பேருந்து வருமா?" வராது. பல சார்ட்டர் பள்ளிகளில் மஞ்சள் பேருந்து கிடையாது. இரண்டு வேலை பார்க்கும் அவரால் தினமும் பிற்பகலில் காரோடு பள்ளி வாசலில் நிற்க முடியாது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் பையனைப் போன்ற எத்தனை பேர் குலுக்கலுக்கு முன்பே விடுபட்டுப் போகிறார்கள் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அப்புறம்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். டெக்சாஸ் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. மாநிலம் நடத்தும் ஸ்டார் தேர்வில் பள்ளி மொத்தமாக எப்படிச் செய்தது என்பதோடு, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்), கறுப்பினத்தவர், வெள்ளையர், ஆசியர், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், சிறப்புக் கல்வி பெறுவோர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்போர் என்று அட்டவணையில் தனித்தனிப் பத்திகளும் அதில் இருக்கும். சார்ட்டர் பள்ளியின் அறிக்கையையும் எங்கள் மாவட்டப் பள்ளியின் அறிக்கையையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்தேன். அல்ஜீப்ரா வரிசையில் மொத்த எண்ணைப் பார்த்தால் சார்ட்டர் எங்கோ போய்விட்டது. ஆசியப் பிள்ளைகளின் பத்திக்கு வந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். சிறப்புக் கல்விப் பத்தியில் சார்ட்டருக்கு எண்ணே இல்லை, ஒரு நட்சத்திரக் குறி மட்டும். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் யாரென்று தெரிந்துவிடாமல் இருக்க இப்படி மறைப்பார்கள்.

இது எப்படி நடக்கிறது? ஒரு கற்பனைக் கணக்கு போடுங்கள். இரண்டு பள்ளிகளிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளில் 90 சதவீதம் பேரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளில் 50 சதவீதம் பேரும் தேர்ச்சி பெறுகிறார்கள். முதல் பள்ளியில் நூற்றுக்கு 80 பேர் வசதியானவர்கள், இரண்டாவதில் 20 பேர்தான். மொத்தத் தேர்ச்சி 82, 58 என்று வரும். இரண்டிலும் பாடம் நடப்பது ஒரே தரத்தில்தான், ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று பிரமாதம், மற்றது மோசம்!

அதற்காக எல்லாம் பிள்ளைகளின் பின்னணிதான், பள்ளிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாஸ்டனில் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் முதலிய பொருளியலாளர்கள் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்புமே விண்ணப்பித்த குடும்பங்கள் என்பதால் இது நியாயமான ஒப்பீடு. இடம் கிடைத்தவர்கள், முக்கியமாகக் கணக்கில், நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆனால் 15 மாநிலங்களில் 36 சார்ட்டர் நடுநிலைப் பள்ளிகளை இதே முறையில் ஆராய்ந்து 2010-ல் வந்த அறிக்கையில், சராசரியாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் கணக்கில் பலன் இருந்தது. வசதியான பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் பாதிப்புகூட இருந்தது. நம்மவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும். நாடு முழுக்கச் சார்ட்டர் மாணவர்களில் ஆசியர் 4 சதவீதம்தான். 2021 கணக்குப்படி ஹிஸ்பானிக் 36, கறுப்பினத்தவர் 24 சதவீதம். இந்தப் பள்ளிகளால் நிஜமாகவே வாழ்க்கை மாறுகிறதென்றால் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். அதனால் ஒரு சார்ட்டர் பள்ளி நல்லதா என்று பார்க்க, வசதி குறைந்த பிள்ளைகளின் பத்தியைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். மாவட்டப் பள்ளியின் அதே பத்தியைவிட அங்கே எண் கூடுதலாக இருந்தால், அந்த ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எங்களுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தது. மகளுக்கு மாவட்டப் பள்ளியின் வயலின் குழு பிடித்திருந்தது. எண்களிலும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு வித்தியாசம் இல்லை. இப்போது மாவட்டப் பள்ளியில்தான் பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

உங்களுக்கும் இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தால், சம்மதம் சொல்வதற்கு முன்னால் பள்ளி அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தார்கள்? நடுவில் போனவர்களின் இடத்தில் புதிதாக யாரையாவது சேர்த்தீர்களா? பாதிப் பேர் போய், அந்த இடங்கள் காலியாகவே இருந்தால், கடைசி வகுப்பின் மதிப்பெண் தாக்குப்பிடித்தவர்களின் மதிப்பெண் மட்டும்தான். போனவர்கள் இப்போது உங்கள் மாவட்டப் பள்ளியின் சராசரியில் இருப்பார்கள்.