கேமரன் மலைக்குத் தாத்தா எப்போது ஏறினார்?

கேள்வி: என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, தாப்பா வழியாக மேலே போய் ஹாபு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். எந்த ஆண்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பேராக் பதிவுகளில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தவறுகிறது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தேடிய மாநிலம்தான் தவறு, அம்மா. ரோடு ஏறுவது பேராக்கிலுள்ள தாப்பாவிலிருந்து, மலையோ பகாங் மாநிலம். அந்நாளில் அது லிப்பிஸ் மாவட்டம். பகாங்கின் தலைநகரும் 1955 வரை கோலா லிப்பிஸ்தான். டூத்தா சாலையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் (இன்று ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம்) பகாங் கோப்புகளைக் கேளுங்கள். பழைய தாள்களில் 'கேமரன்ஸ் ஹைலண்ட்ஸ்' என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டு விதமாகவும் தேட வேண்டும்.

ஆண்டைக் கணிக்க ரோட்டைப் பிடியுங்கள். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் அளந்து சொன்ன மேட்டுநிலம், ரோடு இல்லாததால் நாற்பது ஆண்டு அப்படியே கிடந்தது. ஆளில்லாத காடு என்று நினைத்துவிடாதீர்கள், பூர்வகுடிகளான செமாய் மக்கள் அங்கே முன்பே இருந்தவர்கள். 1925இல் ஆங்கிலேய ஆட்சியின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே ரோடு வேலை சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தா ஊர் வரை சுமார் 60 கிலோமீட்டர். ரோடு போட்டவர்களில் பலர் மலேரியாவில் விழுந்தார்கள்.

'போ' (BOH) என்ற தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல், ஹாபு பக்கம். ஆகவே உங்கள் தாத்தா அங்கே தேயிலை வேலைக்கு அதற்கு முன்னால் போயிருக்க முடியாது. கன்று நட்டால் கொழுந்து கிள்ள மூன்று வருடமாவது பிடிக்கும். முதலில் தேவைப்பட்டது காடு வெட்டவும் படி கட்டவும் ஆட்கள். பாட்டி கொழுந்து எடுத்ததாக வீட்டில் பேச்சு உண்டென்றால், 1930களின் நடுப்பகுதியில் பாருங்கள். பயணச் செலவு கொடுத்துத் தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. கங்காணி (ஊரில் ஆள் சேர்த்து வருபவர்) கூட்டி வந்தவர் என்றால் கப்பலேறியது அதற்கு முன்புதான். ஆனால் கீழே ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டுப் பின்னால் ஏறியிருக்கவும் கூடும்.

பெயரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவார்: முனியாண்டியின் 'மு'வுக்கு ஒருவர் 'யு' போடுவார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போடுவார். எல்லா எழுத்துக்கூட்டலையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தகப்பனார் பெயருக்கும் சேர்த்து. காப்பகத்துக்குப் போகும் முன், மலையில் பிறந்த மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடமும் தேதியும் அதில் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்.