ஸ்டாக்ஹோமில் எர்லாங் மாலை: போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஸ்டாக்ஹோமுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, மாலை ஐந்து மணிக்கெல்லாம் அலுவலகம் காலியாகிவிடுகிறது, பேச ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிரல்களை இயக்கும் மென்பொருளான வர்ச்சுவல் மெஷினின் உள்ளமைப்பு பற்றியும், மதிப்புகளை மாற்றாமல் ஃபங்ஷன்களைக் கொண்டே நிரல் எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங் பற்றியும் எர்லாங் என்ற நிரல் மொழியின் ஆர்வலர்கள் நடத்தும் கூட்டத்துக்கு, ஜாவா மட்டுமே தெரிந்த, ஸ்வீடிஷ் தெரியாத ஒருவர் போகலாமா என்பது உங்கள் கேள்வி. தயங்காமல் போங்கள். பெரிய மாநாடுகளைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள்.

எர்லாங் பிறந்த மண் இது. 1980களின் நடுவில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய மொழி. 1998இல் திறமூலமாக வெளியானது. அதை இயக்கும் பீம் என்ற வர்ச்சுவல் மெஷினை வளர்த்துவரும் எரிக்சன் குழு இன்றும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் புத்தகத்தில் படிப்பதை, அந்த நாட்களில் அருகிலிருந்து பார்த்தவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

ஜாவா தெரிந்திருப்பது உண்மையில் நல்லது. சென்ற குளிர்காலத்தில் இப்படி ஒரு கூட்டத்தில் பேசியவர் வெள்ளைப் பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தார். ஒன்று பழைய தரவு, மற்றது புதிய தரவு. ஒரு தரவு இன்னொன்றைச் சுட்டுவதைக் காட்ட, புதியதிலிருந்து பழையதை நோக்கிச் சில அம்புகள் போட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து எதிர்த்திசையில் ஓர் அம்பு வரைந்து, “இந்த அம்பை உண்டாக்கும் எர்லாங் நிரலை யாராவது எழுதுங்கள்” என்று பேனாவை நீட்டினார். யாராலும் முடியவில்லை. முடியாது. எர்லாங்கில் ஒருமுறை உருவான மதிப்பு பிறகு மாறுவதில்லை. அதனால் பழையது, தனக்குப் பின்னால் பிறந்ததைச் சுட்ட வழியே இல்லை. ஜாவாவில் என்றால் பழைய ஆப்ஜெக்டின் ஒரு ஃபீல்டில் புதியதை வைத்தால் போதும், அந்த அம்பு வந்துவிடும். அப்படிப்பட்ட அம்புகளைத் தவறவிடாமல் குறித்துவைக்க ஜாவாவின் வர்ச்சுவல் மெஷின் கூடுதலாக உழைக்கிறது. பீமுக்கு அந்த வேலை இல்லை. தேவையற்றுப்போன தரவை நீக்கும்போது, புதிய பகுதியை மட்டும் நிம்மதியாகத் துப்புரவு செய்யலாம்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் என்பது எழுதும் பாணி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு அன்று கண் திறந்தது. மொழியில் விதிக்கும் ஒரு கட்டுப்பாடு அடியில் இருக்கும் இயந்திரத்தை எவ்வளவு எளிமையாக்குகிறது! எர்லாங் நிரலுக்குள் தனித்தனியே ஓடும் சிறு வேலைகளைப் பிராசஸ் என்பார்கள்; ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி நினைவகம். ஒன்றைத் துப்புரவு செய்ய மற்றவை நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைக்குச் சுமார் 4000 ரிடக்‌ஷன்கள், ஏறக்குறைய அத்தனை ஃபங்ஷன் அழைப்புகள்தான் அனுமதி. அது தீர்ந்ததும் அடுத்ததற்கு வழிவிட்டே ஆக வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு இன்னொன்றை முடக்கக் கூடாது என்ற தொலைபேசிக்காரர்களின் கவலை அதில் அப்படியே தெரிகிறது.

இனி மனிதர்கள். உங்கள் சக ஊழியர்கள் ஐந்து மணிக்குக் கிளம்புவது உங்களைப் பிடிக்காமல் அல்ல; குழந்தையை அழைத்துவர வேண்டும், வீட்டில் சமைக்க வேண்டும். இங்கே நட்பு என்பது பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத் திரும்பத் திரும்பக் கூடுவதில் முளைக்கிறது. பாடகர் குழு, ஓட்டக் குழு, இந்த மாதிரிக் கூட்டம். அதனால் ஒருமுறை போய்விட்டு, யாரும் பேசவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். மூன்றாவது, நான்காவது முறை அவர்களே வந்து பேசுவார்கள். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டு மனதை அழுத்தத் தொடங்குவதற்குள் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கும் போங்கள், அது வேறு வகை நிறைவு.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆறு மணி என்றால் ஆறு மணி. பதிவு செய்துவிட்டுப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். எண்ணிக்கை பார்த்துத்தான் உணவு வாங்குகிறார்கள். சைவம் என்றால் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். முதல் நாளே வேலை கேட்டு யாரிடமும் சுயவிவரத்தை நீட்ட வேண்டாம்.

பேச்சு முடிந்து “கேள்விகள் உண்டா?” என்று கேட்கும்போது அரங்கம் அமைதியாகத்தான் இருக்கும். உண்மையான உரையாடல் காபி மேசையில் நடக்கும். அங்கே என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால் இதைக் கேளுங்கள்: பிராசஸ்களுக்கிடையே செய்திகள் நகலெடுக்கப்படும்போது, 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரிகளை (பைட்டுகளாக வைக்கப்படும் தரவுத் துண்டுகளை) மட்டும் நகலெடுக்காமல் பொதுவில் வைத்திருப்பது ஏன்? அதனால் நினைவகம் விடுபடாமல் தேங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? பீமில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர் அங்கே ஒருவராவது இருப்பார். அவரிடம் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும்.