பேனா ஏலத்தில் எதிரே நின்று கேட்டது யார்?

கேள்வி: ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஒரு பழைய பார்க்கர் 51 பேனாவுக்கு அதிகபட்சமாக 90 டாலர் போட்டிருந்தேன். கடைசி நாள் வரை 53 டாலரில் நான்தான் முன்னால் இருந்தேன். முடிய சில மணி நேரம் இருக்கும்போது, புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் வந்து 58, 63, 68 என்று ஐந்தைந்தாக ஏற்றி, 91 டாலரில் என்னைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். மறுநாளே விற்பவரிடமிருந்து செய்தி: ‘எடுத்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் 90 டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.’ எங்கோ இடிக்கிறது. வாங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

புளியமர ஏலத்தில் பார்த்திருப்பீர்கள். வாங்கும் எண்ணமே இல்லாத ஓர் ஆள் விற்பவருக்காகக் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பார். ஈபேயிலும் இது பழைய சங்கதிதான். 2000-இல் கலிபோர்னியாவில் 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம், புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததாக இருக்கும் என்ற ஆசையில் 1,35,805 டாலர் வரை போனது. விற்ற கென்னத் வால்டன் ஒரு வழக்கறிஞர். வேறு பெயரில் தானே ஏலம் கேட்டது வெளிவந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. மறு ஆண்டு அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் போட்ட 90 யாருக்கும் தெரியாது. அடுத்தவர் கேட்கும் தொகைக்கு ஒரு படி மேலே மட்டும் உங்களுக்காக ஈபேயே கேட்கும். 25 முதல் 100 டாலர் வரை அந்தப் படி ஒரு டாலர். விலை 53-இல் நின்றது என்றால், உங்களுக்கு அடுத்தவரின் எல்லை, அதாவது அவர் போட்ட அதிகபட்சத் தொகை, 52. அந்தப் புது ஆள் வராமல் இருந்திருந்தால் பேனா 53-க்கு உங்கள் கைக்கு வந்திருக்கும். இப்போது கேட்பது அதைவிட 37 டாலர் அதிகம், அதாவது உங்கள் எல்லை முழுவதும்.

ஐந்தைந்தாக ஏற்றியது கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்க்கிற வேலை மாதிரி தெரிகிறது. ஒரு முழம் கூடுதலாக விட்டதில் ஏலம் அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. அதோடு, பணம் கட்ட ஈபே நான்கு நாள் அவகாசம் தருகிறது. மறுநாளே ‘கட்டவில்லை’ என்று சொல்ல இவருக்கு என்ன அவசரம்?

ஆனாலும் இது மட்டுமே சாட்சி ஆகாது. புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார்கள்; முதல் வருஷம் நானும் அப்படித்தான். ஏலம் கேட்டவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர்கள் நட்சத்திரக் குறிகளால் மறைந்திருக்கும். பெயரைத் தொட்டால் கடைசி 30 நாள் கணக்கு வரும். அவர் கேட்ட ஏலங்களில் இந்த விற்பவரிடம் கேட்டது மட்டும் எத்தனை சதவீதம் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அது 100 என்றிருந்தாலும், ஒரே ஒரு பொருளுக்குக் கேட்டவர் என்றால் அதற்கு அர்த்தமில்லை. ஒரே விற்பவரின் பேனா, கடிகாரம், பீங்கான் தட்டு என்று சம்பந்தமில்லாத பலவற்றுக்கும் முப்பது நாற்பது முறை கேட்டிருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். கேட்டதைத் திரும்பப் பெற்ற எண்ணிக்கையையும் பாருங்கள். திடீரென்று 500 டாலர் போட்டு உங்கள் எல்லையைத் தெரிந்துகொண்டு, ‘தவறாகத் தட்டிவிட்டேன்’ என்று விலகி, பிறகு அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து கேட்பது ஒரு தனி வித்தை.

சரி, இப்போது என்ன செய்வது? அந்தச் செய்தி ஈபே கணக்கின் செய்திப்பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்னஞ்சலில் மட்டும் வந்திருந்தால் போலியாக இருக்கலாம். உண்மையானது என்றால் மறுத்துவிடுங்கள். விற்பவரோடு சண்டை வேண்டாம். பொருளின் பக்கத்திலேயே புகார் செய்யும் இணைப்பு இருக்கும், அதில் எழுதுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரே விற்பவர் மேல் புகார்கள் சேர்ந்தால் அதற்கு எடை உண்டு. ‘ஈபேக்கு வெளியே பணம் அனுப்புங்கள், 70-க்குத் தருகிறேன்’ என்று இறங்கி வந்தாலும் தொடாதீர்கள். வெளியே போன பணத்துக்கு ஈபேயின் பாதுகாப்பு கிடையாது. உள்ளேயே வாங்கினாலும், பொருள் வராவிட்டாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோதான் பணம் திரும்பும். விலை ஏற்றிவிட்டார்கள் என்பதற்குத் திரும்பாது.

அடுத்த முறை எல்லையை முன்கூட்டியே போட்டுவிட்டு உட்காராதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள் (விற்பவர்கள் கேட்கும் விலையை வைத்து முடிவு செய்தால் கை சுடும்). தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்து உங்கள் விலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து வினாடியில் ஒரே ஒரு முறை போடுங்கள். ஆழம் பார்க்க நினைப்பவருக்கு அப்போது நேரம் இருக்காது. ஈபேயில் இதற்குத் தடை இல்லை. அமெரிக்காவில் ஞாயிறு மாலை முடியும் ஏலங்கள் நமக்குத் திங்கள் காலை வரும், காபியோடு உட்காரலாம்.

1941-இல் வந்த பார்க்கர் 51 முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரான பேனா, அரிய பொருளில்லை. இதே பேனா இரண்டு வாரத்தில் மறுபடி ஏலத்துக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை. வந்தால் கடைசிப் பத்து வினாடியில் 55 போட்டுப் பாருங்கள்.