திருத்தித் திருத்திக் கை ஓய்கிறதே, என்ன செய்வது?

கேள்வி: காட்பாடியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை 12 பிள்ளைகள். தமிழ்க் கட்டுரைகளை வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்துகிறேன். அடுத்த வாரமும் அதே பிழைகள்தான். எழுதுவதும் நோட்ஸில் உள்ளதை அப்படியே. எப்படி மாற்றுவது?

பதில்: சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். குடியாத்தத்தில் நானும் பல வருடம் நீங்கள் செய்வதையேதான் செய்தேன். பக்கத்துக்கு முப்பது நாற்பது வட்டம் போட்டுக் கொடுத்தால் பிள்ளை எதைப் பார்க்கும்? மார்க்கைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும்.

அதற்குப் பதிலாக, எழுதியதை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முடியாமல் தொங்கும் வாக்கியமும் விட்டுப்போன சொல்லும் வாய்க்கே தட்டும். தட்டிய இடத்தில் அவர்களே பென்சிலால் கோடு போடட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 12 பேருக்கு ஒரு மணி நேரம். இப்போது நீங்கள் திருத்தச் செலவிடும் நேரம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

நோட்ஸ் மொழிக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'எங்கள் ஊர்' கட்டுரையை "இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர்" என்று தொடங்கியிருந்தாள். அவள் இருந்ததோ விசைத்தறிகள் ஓடும் தெரு. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "காலையில் எழுந்ததும் முதலில் என்ன கேட்கும்?" என்றேன்.

"தறிச் சத்தம்தான் சார்."

"தூக்கம் கெடாதா?"

"பழகிடுச்சு சார். சத்தம் நின்னாதான் முழிச்சுக்குவோம். கரண்ட் போயிடுச்சுன்னு அர்த்தம்."

"இதைத்தான் எழுதணும். எழுது" என்றேன். 'தறிச்சத்தம் நின்றால் எங்கள் தெருவே விழித்துக்கொள்ளும்' என்று எழுதினாள். அந்த வரியில் நான் ஓர் எழுத்துகூடத் தொடவில்லை. நீங்களும் கேள்வி மட்டும் கேளுங்கள், வாக்கியத்தைச் செய்து கொடுக்காதீர்கள். பதில் வரச் சற்று நேரம் ஆகும். அந்த நேரத்தில் பேசாமல் காத்திருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

பிழைகளைப் பொறுத்தவரை, எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் யகரமாகிவிடும். கழனி 'கயினி' ஆகும். காதில் விழுவதைத்தான் பையன் எழுதுகிறான். அவன் பேச்சைத் தப்பு என்று சொல்லாதீர்கள். வீட்டில் கயினி, நோட்டில் கழனி, அவ்வளவுதான். கதையில் பாட்டி பேசும் இடம் வந்தால் கயினி என்றே இருக்கட்டும். 'அக்கா வந்தது' என்று எழுதும் பிள்ளையிடம் வீட்டில் தெலுங்கா என்று கேட்டுப் பாருங்கள். தெலுங்கில் பெண்ணைக் குறிக்கும் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைமுற்று ஒன்றுதான். அதை எடுத்துச் சொல்லிவிட்டால், 'ஓ, அங்கே அப்படி, இங்கே இப்படி' என்று பிள்ளை தானே கவனிக்கத் தொடங்கிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளிடமும் இதே பொறுமை வேண்டும்.

ஒற்றுப்பிழைக்கு ஒரு மாதம் ஒரே ஒரு விதி போதும். ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் வல்லினம் மிகும்: தறியைப் பார்த்தேன், ஊருக்குப் போனேன். அந்த மாதம் இதை மட்டும் தேடச் சொல்லுங்கள். மற்ற ஒற்றுகள் கண்ணை உறுத்தினாலும் விட்டுவிடுங்கள். எனக்கு இதுதான் பழக ரொம்ப நாள் ஆனது.

பெற்றோர் மார்க் கேட்பார்கள், அது நியாயம்தான். பத்தாம் வகுப்புத் தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் கேட்டபடியே இருக்க வேண்டும். சட்டகத்தை விடச் சொல்லாதீர்கள். ஆனால் வீட்டில் எழுதிப் பழகும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு பத்தியாவது அவர்கள் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும். காட்பாடிப் பிள்ளைகளுக்கு ரயில்வே ஜங்ஷன் இருக்கிறது, பெரும்பாலும் தண்ணீர் இல்லாத பாலாறு இருக்கிறது. 'நீர் மேலாண்மை' என்று தலைப்பு வந்தால் பாலத்தின் மேல் நின்று கீழே என்ன தெரிகிறது என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் நோட்டைத் திறக்கலாம்.