செயற்கை நுண்ணறிவுக்கு மனிதர்கள் மேல் பரிவு வருமா? டயாலிசிஸ் பிரிவிலிருந்து ஒரு பதில்

"செயற்கை நுண்ணறிவால் மனிதர்கள் மேல் பரிவு கொள்ள முடியுமா? எதிர்காலத்திலாவது அது சாத்தியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பரிவான பேச்சு அதற்கு இப்போதே வருகிறது, நம்மில் பலரைவிட நன்றாகவே வருகிறது. ஆனால் இன்றைய வடிவில் இருக்கும்வரை பரிவு வராது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்பதை நான் வேலை பார்க்கும் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், கருவி மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்து உடம்பில் தேங்கிய நீரை வெளியே எடுக்க, எங்களிடம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு கையில் ஊசி குத்தி டியூப் போட்டிருக்கும், அதை அசைக்க முடியாது. இன்னொரு கையில் செல்போன். முன்பெல்லாம் படம் பார்ப்பார்கள். இப்போது பலர் சாட்ஜிபிடியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கம் வராத ராத்திரிகளிலும் அதனிடம்தான் பேசுவதாகச் சொல்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வேறு யாரை எழுப்ப முடியும்?

அதன் பேச்சு உண்மையிலேயே ஆறுதலாக இருக்கிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2023-இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்தது. இணையத்தில் பொதுமக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளை எடுத்தார்கள். மருத்துவர்கள் எழுதியிருந்த பதில், சாட்ஜிபிடி எழுதிய பதில், இரண்டையும் எது யாருடையது என்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடமே மதிப்பிடக் கொடுத்தார்கள். பரிவானது அல்லது மிகவும் பரிவானது என்று பெயர் வாங்கியவை இயந்திரத்தின் பதில்களில் 45 சதவீதம். மருத்துவர்களின் பதில்களில் 5 சதவீதம்கூட இல்லை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு: மருத்துவர்களின் பதில் சராசரியாக 52 சொல், இயந்திரத்தின் பதில் 211 சொல். வேலைக்கு நடுவே எழுதுகிற மனிதருக்கு நேரம் இல்லை. இயந்திரத்துக்கு அந்தக் கவலையே இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு சொல்லப்போவதற்கு அது வேண்டும்.

எங்களிடம் வரும் ஒரு ஆட்டோக்கார அண்ணன். வெயில் காலத்தில் அவருக்குத் தாகம் தாங்காது. டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்குச் சிறுநீர் மிகக் குறைவாகத்தான் போகும், அல்லது போகவே போகாது. குடித்ததில் பெரும்பகுதி எடையாக ஏறும், அளவு மீறினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். ஒருநாள் போனை என்னிடம் நீட்டி, "பாருங்க சிஸ்டர், நீங்க எல்லாரும் திட்டுறீங்க, இது எவ்வளவு தன்மையா சொல்லுது" என்றார். வாங்கிப் படித்தேன். தாகத்தை அடக்குவது எவ்வளவு கொடுமை என்று தொடங்கி, ஐஸ் கட்டி சப்புவது, உப்பைக் குறைப்பது என்று எல்லாமே சரியாகத்தான் எழுதியிருந்தது. "ரெண்டு நாள்ல எத்தனை கிலோ ஏறியிருக்குன்னு அதுகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அது கேக்கல சிஸ்டர்" என்றார். நான்கு கிலோ ஏறியிருந்தது.

அன்றைக்கு மூன்றாவது மணி நேரத்தில் அவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். அடுத்தடுத்துக் கொட்டாவி வந்தால் நாங்கள் கட்டில் பக்கம் ஓடுவோம், பிபி இறங்கப்போகிறது என்று அர்த்தம். அதிக நீரைக் குறைந்த நேரத்தில் இழுத்தால் அப்படித்தான் ஆகும். நீர் இழுக்கும் வேகத்தைக் குறைத்து, காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டோம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அவர் துடித்தபோது அமுக்கிவிட்டோம்.

கொட்டாவியை ஒரு கேமராவும் கண்டுபிடிக்கும், எதிர்காலத்தில் என்னைவிட முன்னாலேயே கண்டுபிடிக்கும். எடையைக் கேட்கவும் அதைப் பழக்கிவிடலாம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது பரிவில் ஒரு பகுதி, அந்தப் பகுதியில் இயந்திரம் நம்மைத் தாண்டிப் போகலாம். என் கேள்வி அதற்கு அடுத்தது. அவர் துடிக்கும்போது என் வயிற்றைப் பிசைகிறது. அவர் வரவேண்டிய நாளில் வராவிட்டால், ஷிப்ட் தொடங்கி அரை மணிக்குள் யாராவது ஒருத்தர் போன் போட்டுவிடுவோம். அவர் வரவே இல்லை என்றாலும் அந்தச் செயலிக்கு ஒன்றும் ஆகாது. அவரால் அதற்கு இழப்பு என்று ஒன்று கிடையாது.

இதை மக்களும் உள்ளூர உணர்கிறார்கள். கோக்கோ என்று ஒரு மனநல உதவித் தளம். 2023 தொடக்கத்தில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ராப் மோரிஸ் ஒரு சோதனையைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். சுமார் 4,000 பேருக்குப் போன ஆறுதல் செய்திகளை ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதியிருந்தார்கள். மனிதர் மட்டும் எழுதியவற்றைவிட அவற்றுக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது. ஆனால் இயந்திரம் சேர்ந்து எழுதியது என்று தெரிந்ததும் அந்த ஆறுதல் வேலை செய்யவில்லை என்றார். செய்தி அதே செய்திதான். நமக்காக ஒருவர் தன் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து வைத்தார் என்ற நம்பிக்கை மட்டும் போய்விட்டது. ஆறுதலில் பெரும்பங்கு அதுதான் என்பது என் கருத்து.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. பயனர் கட்டைவிரலை மேலே காட்டுகிறாரா என்று பார்த்துப் பார்த்துப் பழக்கினால், இயந்திரம் நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டக் கற்றுக்கொள்ளும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் புதிய பதிப்பு அளவுக்கு மீறி இச்சகம் பேசுகிறது என்று திரும்பப் பெற்றது. டயாலிசிஸ் நோயாளிக்கு இச்சகம் ஆபத்து. ஆட்டோக்கார அண்ணனை நாங்கள் திட்டுவது அவர் செத்துப்போவார் என்ற பயத்தில்.

சரி, எதிர்காலம். 2004-இல் மூளை ஆய்வாளர் டானியா சிங்கரும் சக ஆய்வாளர்களும் பெண்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தன் கையில் மின் அதிர்ச்சி தரும்போது வேலை செய்த மூளைப் பகுதிகளில் சில, கணவர் அல்லது துணைவரின் கையில் தரும்போதும் வேலை செய்தன. நமக்கு வலிக்கும் உடம்பு இருப்பதால்தான் அடுத்தவர் வலி உள்ளே இறங்குகிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோவும் கிங்சன் மானும் 2019-இல் இதையே இயந்திரத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். சேதமடையக்கூடிய மென்மையான உடலும், அதைக் காப்பாற்றிக்கொள்ளும் தேவையும் கொண்ட ரோபோவைச் செய்தால், உணர்வு போன்ற ஒன்று அதற்கு வரலாம் என்பது அவர்கள் யோசனை. ஆகவே "ஒருநாளும் முடியாது" என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஆனால் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டாம் என்பேன். நோகக்கூடிய ஒன்றை உருவாக்கி, லட்சக்கணக்கானவர்களின் வேதனையை ராத்திரி பகல் பாராமல் கேட்க வைத்தால், அதன் நோவுக்கு யார் பொறுப்பு? நாங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்துதான் மறுநாள் மறுபடி சிரித்துக்கொண்டு ஊசி குத்துகிறோம்.

எனக்கு அதனிடமிருந்து வேண்டியது இதைவிட எளிது. டயாலிசிஸ் சார்ட்டை எழுதட்டும், காப்பீட்டுத் திட்டத்துக்கான படிவங்களை நிரப்பட்டும், மருந்து இருப்பைக் கணக்குப் பார்க்கட்டும். ஒரு ஷிப்டில் எங்கள் நேரத்தை அதிகம் தின்பது இவைதான். அந்த நேரத்தில் அரை மணி திரும்பக் கிடைத்தால், ஆட்டோக்கார அண்ணனைத் திட்டுவதோடு நிறுத்தாமல், வீட்டில் சமைப்பது யார், உப்பை எப்படிக் குறைக்கலாம் என்று உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் இருக்கும்.